நனைந்த கம்பளத்தைத் தூக்குவது யார்? வெள்ளம் வடிந்த பிறகு தொடங்கும் வேலையின் வரலாறு

வெள்ளத்தைப் பற்றி எழுதப்படும் வரலாறு தண்ணீர் ஏறும்போது தொடங்கி, தண்ணீர் வடியும்போது முடிந்துவிடுகிறது. எந்த ஏரி நிரம்பியது, எத்தனை கன அடி திறந்துவிட்டார்கள், எந்தப் படகு யாரை மீட்டது, யார் எவ்வளவு நிதி கொடுத்தார்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் தொடங்கும் வேலைக்கு அந்த வரலாற்றில் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. சேற்றை அள்ளுவது, ஊறிப்போன மெத்தையைத் தெருவுக்கு இழுப்பது, செத்த நாயை அப்புறப்படுத்துவது, அடைபட்ட வடிகாலைத் திறப்பது என்று வாரக்கணக்கில் நீளும் வேலை அது. வீடு மறுபடி வீடாவதும் தெரு மறுபடி தெருவாவதும் அந்த வேலையால்தான்.

அந்த வேலையின் வரலாற்றை இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதற்கு ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறோம்: வெள்ளத்தில் நனைந்த தரைக் கம்பளம், நாம் கார்ப்பெட் என்று சொல்வது. நம் வீடுகளில் கார்ப்பெட் குறைவு; பாயும் ஜமுக்காளமும் இலவம்பஞ்சு மெத்தையும்தான் அதிகம். ஆனாலும் கார்ப்பெட்டை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நனைந்த கார்ப்பெட்டைச் சுற்றி அமெரிக்காவில் ஒரு தொழிலே உருவாகி, அதற்கென்று பயிற்சி, சான்றிதழ், விதிமுறை எல்லாம் வந்துவிட்டன. அதே அழுக்கு, அதே கிருமி, அதே சேறு நம் ஊரில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் வெறுங்கையால் அள்ளப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சாதி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு தொழில் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளில் சுவரோடு சுவராகக் கார்ப்பெட் விரிக்கும் பழக்கம் பரவியது. அதற்கு முன்பு நெய்த கம்பளம் விலை அதிகம். ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரத்தில், துணியில் ஊசிகளால் நூலைக் குத்தி இறக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு கம்பளத்தின் விலை சரிந்தது. தரையோடு ஒட்டிய கம்பளத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோய் அடித்துத் துவைக்க முடியாது. ஆகவே இயந்திரத்தோடு வீட்டுக்கே வந்து சுத்தம் செய்யும் தொழிலாளர்கள் உருவானார்கள். அவர்களிடம் தண்ணீரை உறிஞ்சும் இயந்திரம் இருந்தது. குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும், ஆறு பெருகி வீட்டுக்குள் வந்தாலும் மக்கள் அவர்களையே அழைத்தார்கள். கார்ப்பெட் சுத்தம் செய்பவர் இப்படித்தான் வெள்ளச் சீரமைப்புத் தொழிலாளி ஆனார்.

இந்தத் தொழிலாளர்களுக்குச் சான்றிதழ் தர 1972இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. ஐ.ஐ.சி.ஆர்.சி. என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பு, தண்ணீரால் சேதமான கட்டடங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று எஸ்500 என்ற விதிமுறை நூலை 1994இல் வெளியிட்டது. இன்றும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

அந்த விதிமுறை தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, குடிநீர்க் குழாய் உடைந்து வரும் சுத்தமான தண்ணீர். இரண்டாவது, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றிலிருந்து வரும் ஓரளவு மாசுபட்ட தண்ணீர். மூன்றாவது வகையைக் கருப்புத் தண்ணீர் என்கிறார்கள். சாக்கடை பின்னோக்கி எழும்பி வருவதும் ஆற்று வெள்ளமும் இதில் அடங்கும். சுத்தமான தண்ணீர்கூட நாள்கணக்கில் தேங்கி நின்றால் அடுத்த வகைக்குப் போய்விடும்.

வகையைப் பொறுத்து வேலை மாறுகிறது. முதல் வகைத் தண்ணீர் என்றால் உறிஞ்சி எடுத்து, பெரிய காற்றாடிகளும் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களும் வைத்து உலர்த்தி, கம்பளத்தைக் காப்பாற்றலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அந்த வேலைக்கு அவசரம் உண்டு. மூன்றாம் வகைத் தண்ணீர் பட்டால் கம்பளத்தைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமில்லை. கம்பளத்தையும் அதன் அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பையும் கீறி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். முழுசாகத் தூக்கினால் தாங்க முடியாத கனம். ஆகவே துண்டு துண்டாக வெட்டி, சுருட்டி, பையில் கட்டி வெளியே கொண்டுபோகிறார்கள். அந்த வேலையைச் செய்பவர் ரப்பர் பூட்ஸ், தண்ணீர் புகாத கையுறை, கண்ணாடி, முகமூடி அணிந்திருக்க வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே தீட்டு என்ற பேச்சே இல்லை. அழுக்கு தண்ணீரில் இருக்கிறது, அதை அளக்கலாம், அதற்கு ஏற்ப உடம்பைப் பாதுகாத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றிவிட்டால் அந்த ஆள் மற்ற எவரையும் போன்ற ஓர் ஆள். கம்பளம் சுத்தம் செய்பவரின் மகனும் அதே வேலைக்குத்தான் வர வேண்டும் என்று எந்த ஊர்க் கட்டுப்பாடும் சொல்வதில்லை.

அதற்காக அமெரிக்காவைக் கொண்டாடத் தேவையில்லை. விதிமுறை ஏட்டில் இருப்பது வேறு, அது யாருடைய உடம்பைப் பாதுகாக்கிறது என்பது வேறு. அந்த நாட்டின் இரண்டு பெரிய வெள்ளங்கள் இதை நமக்குச் சொல்கின்றன.

1927: கரையில் நிறுத்தப்பட்ட மக்கள்

முதல் வெள்ளம், இந்தத் தொழிலும் விதிமுறையும் பிறப்பதற்கு முந்தையது. 1927 ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஆற்றங்கரை உடைந்தது. அந்த ஆண்டின் வெள்ளத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பருத்தித் தோட்டங்கள் நிறைந்த அந்தப் பகுதியில் நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கருப்பின மக்களுடையது.

கிரீன்வில் என்ற ஊரில் சுமார் 13,000 கருப்பின மக்கள் ஆற்றுக் கரை மேட்டில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லப் படகுகள் வந்தன. ஆனால் போனவர்கள் திரும்பி வராவிட்டால் பருத்தி பறிக்க ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகள் பயந்தார்கள். வெள்ளையர் சிலர் ஏறிக்கொள்ள, கருப்பின மக்கள் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள். அந்த முகாம் கொஞ்ச நாளில் கட்டாய உழைப்பு முகாம் ஆனது. கழுத்தில் அட்டை மாட்டினால்தான் உணவு. வேலை செய்தால்தான் அட்டை. நிவாரணப் பொருட்களை இறக்குவதும் கரையைப் பலப்படுத்துவதும் துப்பாக்கி ஏந்திய காவலின் கீழ் அவர்கள் தலையில் விழுந்தன. அந்த ஆண்டு ஜூலையில், இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய ஒரு கருப்பினத் தொழிலாளி மறுபடி வேலைக்கு வர மறுத்தார். கூப்பிட வந்த போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார்.

கரை முகாம்களின் நிலை வெளியே கசிந்தபோது, நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் கருப்பினத் தலைவர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் ரூசா மோட்டன் அதற்குத் தலைமை ஏற்றார். குழு சொன்னதில் மிகக் குறைவே நடந்தது. ஹூவர் அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருப்பின மக்களில் பலர் அந்த நிலத்தை விட்டு வடக்கே சிகாகோ போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அவர்கள் எடுத்த முடிவு அதுதான்: இந்தச் சேற்றை அள்ள இனி நாங்கள் இங்கே இருக்கப் போவதில்லை.

2005: விதிமுறை இருந்தது, நிறுத்திவைக்கப்பட்டது

78 ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் காப்புக் கரைகள் உடைந்து, நகரத்தில் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. தண்ணீரை முழுவதும் இறைத்து வெளியேற்ற அக்டோபர் மாதம் ஆனது. 48 மணி நேரத்தில் உலர்த்த வேண்டிய கார்ப்பெட் வாரக்கணக்கில் சாக்கடையும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரைவரை பூஞ்சை. கார்ப்பெட்டை உரித்து, ஊறிய சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, வீட்டை வெறும் மரச்சட்டமாக ஆக்கினால்தான் மறுபடி கட்ட முடியும் என்ற நிலை.

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிமுறை அப்போது இருந்தது. கருவிகளும் இருந்தன. ஆனால் புயல் அடித்த சில நாட்களிலேயே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. அரசு ஒப்பந்த வேலைகளில் அந்தப் பகுதியின் வழக்கமான கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்ற 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டத்தை, ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் செப்டம்பர் 8 அன்று அந்தப் பகுதிகளில் நிறுத்திவைத்தார். தொழிலாளரின் குடியேற்ற ஆவணங்களைச் சரிபார்க்காத முதலாளிகள்மீது 45 நாட்களுக்கு நடவடிக்கை இல்லை என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. தொழிலிடப் பாதுகாப்புத் துறை, விதி மீறுவோருக்கு அபராதம் போடுவதை நிறுத்திவிட்டு, ஆலோசனை மட்டும் சொல்வதாக அறிவித்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கலாம், ஆவணமற்றவரை எடுக்கலாம், பாதுகாப்பில்லாமல் வேலை வாங்கலாம். எவரும் தண்டிக்கப்பட மாட்டார்கள்.

நடந்ததும் அதுதான். மெக்சிகோ, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளைச் சேர்ந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். டுலேன், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நியூ ஆர்லியன்ஸ் சீரமைப்புத் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் லத்தீன் அமெரிக்கர்கள்; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆவணமற்றவர்கள். பெரிய நிறுவனம் ஒப்பந்தம் எடுக்கும், அது இன்னொருவருக்கு உள்குத்தகை விடும், அவர் வேறொருவருக்கு விடுவார். கடைசியில் கூலி கேட்டுப் போனால், கொடுக்க வேண்டியவர் யார் என்றே தெரியாது. கூலி வராமல் ஏமாந்தவர்கள் ஏராளம். கேட்டால் குடியேற்றத் துறையைக் கூப்பிடுவேன் என்ற மிரட்டல் தயாராக இருந்தது. அதே நேரத்தில், அந்த நகரத்தின் சொந்த மக்களான கருப்பினத் தொழிலாளர்கள் தொலைதூர நகரங்களில் அகதிகளாக இருந்தார்கள். தங்கள் வீட்டைச் சீரமைக்கும் கூலி வேலைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏழைகளை ஏழைகளுக்கு எதிராக நிறுத்தும் கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கூலிச் சட்டத்தை நிறுத்திவைத்த உத்தரவு, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு நவம்பர் 8 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். புயலில் சேதமான எண்ணெய் துரப்பண மேடைகளைச் சரிசெய்ய, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் குழாய் பொருத்துபவர்களையும் வரவழைத்தது. கேரளத்தையும் தமிழ்நாட்டையும் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் தரகர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டியிருந்தார்கள். அங்கே போனால் ஒரு கொட்டகைக்கு 24 பேர் வரை. அந்த இடத்துக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் சம்பளத்தில் பிடித்தம். 2008 மார்ச்சில் அவர்கள் வேலையை விட்டு வெளியேறி, நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் நோக்கி நடந்தார்கள். அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இல் நீதிமன்றம் முதல் 5 தொழிலாளர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அவர்களோடு நின்ற அமைப்பாளர் சாகேத் சோனி, பின்னாளில் புயல், வெள்ளச் சீரமைப்புத் தொழிலாளர்களுக்காகவே ரெசிலியன்ஸ் ஃபோர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். விதிமுறை புத்தகத்தில் இருந்தால் போதாது, அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும் என்பதுதான் கத்ரீனா தந்த பாடம்.

2015: அடையாறு வடிந்த பிறகு

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின.

அடையாறும் கூவமும் சாதாரண நாளிலேயே சாக்கடை சுமக்கும் ஆறுகள். அப்படியானால் சென்னை வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்த முதல் நிமிடத்திலேயே அது மூன்றாம் வகைத் தண்ணீர். எஸ்500 விதிமுறைப்படி, அது தொட்ட மெத்தை, சோபா, கார்ப்பெட், பாய் எதையும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவர் தொடக் கூடாது.

யார் தொட்டார்கள்? நகரத்தின் தூய்மைப் பணியாளர்கள் தொட்டார்கள். அவர்களில் பலருடைய வீடும் அதே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அது போதாது என்று மற்ற மாவட்டங்களின் மாநகராட்சி, நகராட்சிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சாதாரண நாளிலேயே சுமார் 5,000 டன் குப்பை சேரும் நகரம் இது. அதன் பல மடங்கு குப்பை தெருக்களில் குவிந்திருந்தது. கையுறையோ பூட்ஸோ இல்லாமல் அவர்கள் அதை அள்ளியதை அன்றைய பத்திரிகைப் படங்களிலேயே பார்க்கலாம். இவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அருந்ததியர், ஆதிதிராவிடர் உள்ளிட்ட தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்ப்போம். தண்ணீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தையை இரண்டு பேரால் தூக்க முடியாது. தூக்கினால் உள்ளே இருக்கும் சாக்கடை தூக்குபவரின் தலையிலும் தோளிலும் வழியும். சேற்றுக்குள் உடைந்த கண்ணாடியும் ஊசியும் ஆணியும் தகரமும் இருக்கும். கையில் ஒரு சின்னக் கீறல் போதும், எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும். ரண ஜன்னி வரும். காலில் சேற்றுப்புண் வந்து வாரக்கணக்கில் ஆறாது. பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் வேண்டும். வெளியூரில், வெள்ளம் வடியாத நகரத்தில் அது யார் நினைவில் இருக்கும்?

இது 2015இல் புதிதாக வந்த ஏற்பாடு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழுகத் தொடங்கிய உடல்களை எடுக்கப் பிற ஊர்களிலிருந்து நகராட்சித் தூய்மைப் பணியாளர்களைத்தான் கொண்டுவந்தார்கள். சொந்தங்களே தொடத் தயங்கிய உடல்களை எடுத்துப் புதைத்தது அந்தக் கைகள். அதே கடற்கரையோர ஊர்களில் தலித் மக்களுக்கு நிவாரணம் மறுக்கப்பட்டதும் தனியாக வைக்கப்பட்டதும் அந்தக் காலத்திலேயே பதிவானவை.

ஒரு பேரிடர் வந்தால் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு யாரை அனுப்ப வேண்டும் என்பது நிர்வாகத்துக்கு யோசிக்காமலே தெரிகிறது. கருவி தேடுவதற்கு முன்பே சாதி கிடைத்துவிடுகிறது. அமெரிக்கத் தொழில் நூல் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்தது. நம் சமூகம் அந்த வேலையைத் தண்ணீரை அளந்து பிரிப்பதில்லை, மனிதரைப் பார்த்துப் பிரிக்கிறது. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிய வேறுபாடு இதுதான்: வேலைகளைப் பகிர்ந்துகொள்வது வேறு, வேலை செய்யும் மனிதர்களை மேல் கீழாக அடுக்குவது வேறு.

சென்னைக் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரத்தில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற தொலைதூர மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தூய்மைப் பணியாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் இருந்தார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. நகரத்தின் சேற்றை அள்ளியவர்களுக்கு நகரத்தில் இடமில்லை என்று ஆனது.

தன்னார்வலரின் துடைப்பம்

இங்கே ஒரு கேள்வி வரலாம். 2015இல் கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் தெருவில் இறங்கிச் சுத்தம் செய்யவில்லையா? செய்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பல்லாயிரம் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சேற்றை அள்ளினார்கள். எல்லாச் சாதியினரும் அதில் இருந்தார்கள். அதை நாம் மனதார மதிக்கிறோம்.

அந்த அனுபவம் ஒரு உண்மையை நிரூபித்தது. சேறு அள்ளுவது எந்தச் சாதியாலும் செய்யக்கூடிய வேலைதான். அரசு மனது வைத்தால் பாதுகாப்பும் தர முடியும். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, சுத்தம் செய்யப் போகிறவர்கள் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை ஊர் ஊராகச் சொல்லி மாத்திரை கொடுத்தது. அப்படியும் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. மாத்திரையே கிடைக்காதவரின் நிலை என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தன்னார்வலர் துடைப்பம் பிடித்தால் அது சேவை, படம் எடுத்துப் போடுகிறோம். பணியாளர் பிடித்தால் அது அவர் வேலை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தன்னார்வலர் மூன்று நாளில் வீடு திரும்பலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. பணியாளருக்கு அந்த உரிமை இல்லை. ஒப்பந்தப் பணியாளர் என்றால் மறுநாள் வேலையே இருக்காது.

இன்று சென்னையிலும் டீப் கிளீனிங் என்ற பெயரில் தனியார் சேவைகள் வந்துவிட்டன. சோபா, மெத்தை, கார்ப்பெட் சுத்தம் செய்ய இயந்திரத்தோடு, சீருடையோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஆக, கருவி நம் ஊரில் கிடைக்காமல் இல்லை. வாசலுக்கு உள்ளே காசு கொடுத்தால் இயந்திரம் வருகிறது. வாசலுக்கு வெளியே தெருவில் கிடக்கும் அதே மெத்தைக்கு வெறுங்கை வருகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை.

ஆனால் 2013ஆம் ஆண்டின் சட்டம், ஆபத்தான துப்புரவு என்று வரையறுப்பது பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்பின்றி மனிதர் சுத்தம் செய்வதை மட்டுமே. வெள்ளத்தில் அதே சாக்கடை மேலே வந்து தெருவிலும் வீட்டிலும் நின்றால் என்ன? அதை அள்ளி எலிக்காய்ச்சலில் ஒருவர் இறந்தால், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவருக்குக் கிடைக்கும் இழப்பீடு அவர் குடும்பத்துக்குத் தானாக வராது. மலம் அதேதான், குழிக்குள் இருந்தால் ஒரு சட்டம், வெளியே வந்துவிட்டால் சட்டமே இல்லை.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 12ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவர்களுக்கான குறைந்தபட்ச நிவாரணத் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. இருப்பிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. அந்தச் சுகாதாரத்தைத் தன் கையால் உண்டாக்கப் போகும் பணியாளருக்கு என்ன தர வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. சென்னை வெள்ளத்துக்குச் சில மாதங்கள் கழித்து, 2016 ஏப்ரலில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகமூடி தர வேண்டும் என்று பட்டியலிட்டன. பட்டியல் தெருவுக்கு வந்ததா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதை மீனவர்கள் வாளியிலும் குவளையிலும் மொண்டு அள்ளிய படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். யார் அள்ளுகிறார்கள் என்பதில் சமூகம் மாறலாம். அள்ளுபவருக்குக் கையுறை கொடுக்கத் தோன்றாத நிர்வாகம் மாறவில்லை.

அடுத்த மழைக்கு முன்

தோழர்களே, வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. தண்ணீர் வந்த பிறகு கோரிக்கை எழுதினால் காலம் கடந்துவிடும். வறண்ட மாதங்களிலேயே நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.

உங்கள் ஊர் மாநகராட்சி அல்லது நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். வெள்ளத் துப்புரவுக்கென்று எத்தனை ஜோடி பூட்ஸ், கையுறை கையிருப்பில் இருக்கிறது? பணியாளர்களுக்கு ரண ஜன்னி ஊசி கடைசியாக எப்போது போடப்பட்டது? எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தரும் திட்டம் இருக்கிறதா? வெளியூருக்கு அனுப்பப்படும் பணியாளருக்குத் தங்குமிடம், உணவு, கூடுதல் நேரச் சம்பளம், திரும்பிவரும் பயணம் யார் பொறுப்பு? ஒப்பந்தப் பணியாளர் இறந்தால் இழப்பீடு தருவது அரசா, ஒப்பந்தக்காரரா? பதில் வந்தாலும் பயன்படும், வராவிட்டாலும் பயன்படும்.

சமூகவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். 2004இல் நாகப்பட்டினத்துக்கும் 2015இல் சென்னைக்கும் போன பணியாளர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழி வரலாறு பதிவாகாமலே போனால், இந்த வெள்ளங்களின் வரலாறு படகோடு முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் கூடும் இடத்துக்கு நாம் போக வேண்டும். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். பணி நிரந்தரம் என்பது சம்பளக் கணக்கு மட்டும் கிடையாது. நிரந்தரப் பணியாளர்தான், கையுறை இல்லாமல் அந்த மெத்தையைத் தொட மாட்டேன் என்று துணிந்து சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமைக்காகத்தான் கிரீன்வில் தொழிலாளி உயிரைக் கொடுத்தார். அதைச் சொன்னால் வேலை போகாது என்ற நிலையை இங்கே உண்டாக்குவது நம் பொறுப்பு.

ஜெய் பீம்!